ஒரு பேருந்து, இரண்டு இரயில்

மூன்றாம் ஆண்டு மாணவி, வரலாற்றுத் துறை

"உன் வீடு எங்கே இருக்கு?"

கல்லூரியில் சேர்ந்த முதல் நாளன்று என் அருகில் அமர்ந்திருந்த தோழி கேட்ட முதல் கேள்வி இது. "படப்பைக்குப் பக்கத்துல" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. "ஒரு பஸ், ரெண்டு ட்ரெயின்" என்றேன். உடனே விளங்கிவிட்டது. "அய்யோ, அவ்வளவு தூரமா!" என்று இரக்கப்பட்டாள். அவள் வீடு திருவொற்றியூரில். மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் மீதி வழி நடைதான். ஒரே வண்டி.

சென்னையைச் சுற்றி வாழ்கின்றவர்கள் தொலைவை மைலிலோ கிலோ மீட்டரிலோ அளப்பதில்லை. எத்தனை வண்டி மாற வேண்டும் என்பதே எங்கள் அளவுகோல். வண்டி ஓடும் தூரம் எங்களை அவ்வளவாக வருத்துவதில்லை. ஒரு வண்டியை விட்டு மற்றொரு வண்டியைப் பிடிக்கும் அந்த இடைவெளிதான் எங்கள் பொழுதைத் தீர்மானிக்கின்றது. சில வேளைகளில் வாழ்க்கையையும் தீர்மானிக்கின்றது. மூன்றாண்டுகளாக நாள்தோறும் அந்த இடைவெளியில் நின்றவள் என்ற உரிமையில் இக்கட்டுரையை நம் கல்லூரி மலருக்கு எழுதுகின்றேன்.

என் தந்தையார் கொத்தனார். தாயார் தாம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்கின்றார். 2021ஆம் ஆண்டு மே மாதத்திற்கு முன்பு அம்மா அந்த வேலைக்குச் செல்லவில்லை. போக வர நாளொன்றுக்கு இருபது ரூபாய்க்கு மேல் பஸ்ஸுக்கே போய்விடும். மிச்சம் என்ன நிற்கும் என்று கணக்குப் பார்த்து, உள்ளூரிலேயே கிடைத்த கூலியோடு நின்றுவிட்டார். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை என்ற அறிவிப்பு வந்த பிறகுதான் அந்தக் கணக்கு மாறிற்று. அம்மாவின் சம்பளம் எங்கள் வீட்டுக்குள் வந்தது அந்தப் பேருந்தில் ஏறித்தான். என் கல்லூரிப் படிப்பும் அதன் பின்னாலேயே வந்தது.

ஆனால் என் படிப்புக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அப்பா விதித்த நிபந்தனை. "எட்டு மணிக்குள்ள வீட்ல இருக்கணும்." அவ்வளவுதான். மதிப்பெண்ணைப் பற்றியோ வேறு எதைப் பற்றியோ அவர் பேசவில்லை.

அந்த நிபந்தனைக்கு ஒரு பழைய கதை உண்டு. 2016இல் என் அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் என்னைவிட நல்ல மதிப்பெண் வாங்கினாள். நகரத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. கட்டணம் பெரிதன்று. பேருந்துக்கு மாணவர் பாஸ் உண்டு. தடையாக நின்றது இருட்டு. மாலை வகுப்பு முடிந்து தாம்பரம் வந்து சேரும்போது எங்கள் ஊர்ப் பேருந்து போயிருக்கும். அடுத்த பேருந்து எப்போது வரும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. சாலையில் இறங்கி ஊருக்குள் முக்கால் கிலோ மீட்டர் நடக்க வேண்டும். அந்த வழியில் அப்போது விளக்கு இல்லை. ஒரு வாரம் வீட்டில் பேச்சு நடந்தது. கடைசியில் அக்கா தானே சேர்க்கைக் கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். தையல் கற்றுக் கொண்டாள். திருமணமாகி அடுத்த தெருவிலேயே குடியிருக்கின்றாள். அந்தக் கடிதம் இன்னும் அந்தப் பெட்டியில்தான் இருக்கின்றது. நான் பார்த்திருக்கின்றேன்.

ஆகவே 2023இல் எனக்கு இடம் கிடைத்தபோது, அதுவும் பிற்பகல் ஷிப்டில் கிடைத்தபோது, நான் முதலில் புரட்டியது பாடத்திட்டத்தை அன்று. இரயில் கால அட்டவணையை. வகுப்பு 5.45க்கு முடியும். ஆறு மணி வாக்கில் சேப்பாக்கத்தில் பறக்கும் இரயில். இரண்டாவது நிலையம் பூங்கா நகர். அங்கே இறங்கிப் பூங்கா நிலையத்திற்கு நடந்து, தாம்பரம் வண்டியைப் பிடித்தால் ஏழு மணி ஐந்து நிமிடத்தில் தாம்பரம். ஏழு இருபதுக்கு ஊர்ப் பேருந்து. எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வீடு. ஐந்தே ஐந்து நிமிடம்தான் மிச்சம். அந்த ஐந்து நிமிடத்தின் மேல்தான் என் பட்டப்படிப்பு நின்று கொண்டிருந்தது என்றால் அது மிகையன்று.

பயணம் துன்பம் மட்டுமே தந்தது என்று சொன்னால் நன்றி மறந்தவளாவேன். மாலை வேளையில் தாம்பரம் வண்டியின் மகளிர் பெட்டி ஒரு சிறிய ஊர். பூங்கா நிலையத்தில் எதிரேயுள்ள அரசு பொது மருத்துவமனையில் பணி முடித்த செவிலியர்கள் ஏறுவார்கள். எழும்பூரில் அலுவலகப் பெண்கள். மாம்பலத்தில் இரங்கநாதன் தெருவின் பைகளோடு ஒரு கூட்டம் ஏறி, இடமே இல்லாத இடத்தில் இடம் உண்டாக்கிக் கொள்ளும். கிண்டியில் தொழிற்பேட்டைப் பெண்கள். உட்கார இடம் கிடைத்தவுடன் ஒருவர் பையிலிருந்து அவரைக்காயை எடுத்து நார் உரிப்பார். பக்கத்தில் இருப்பவர் கேட்காமலே ஒரு கைப்பிடி வாங்கித் தாமும் உரிப்பார். வீட்டுக்குச் சேரும்போது பாதிச் சமையல் முடிந்திருக்கும். பூ விற்கும் ஆயா ஒருவர், "படிக்கிற பொண்ணு, உக்காரட்டும்" என்று சொல்லித் தம் கூடையை மடியில் தூக்கி வைத்துக் கொண்டு எனக்கு இடம் தருவார். பிரெஞ்சுப் புரட்சியையும் பிளாசிப் போரையும் நான் படித்தது பெரும்பாலும் அந்தக் கூடைக்கு அருகில்தான். பரீட்சைக் காலத்தில் நான் வராவிட்டால் மறுநாள் ஐந்து பேராவது காரணம் கேட்பார்கள். பெயர் தெரியாத உறவு அது. நிலையத்தின் பெயரைச் சொல்லித்தான் அழைத்துக் கொள்வோம். "பல்லாவரம் இன்னைக்கு வரலையா?", "குரோம்பேட்டை அக்காவுக்கு உடம்பு சரியில்லையாம்."

வரலாறு படிக்கும் மாணவி என்பதால், நான் மாறி மாறி ஏறும் இந்த வண்டிகள் எப்போது, எவ்வாறு வந்தன என்று தேடிப் பார்த்தேன். தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் 1856இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார டிராம் ஓடியது சென்னையில்தான். 1895இல் தொடங்கி 1953இல் நின்று போயிற்று. கடற்கரை – தாம்பரம் மின்சார இரயில் 1931இல் வந்தது. அது மீட்டர் பாதையில் ஓடிய வண்டி. 2004இல்தான் அகலப் பாதை முழுமையாக அதன் இடத்தைப் பிடித்தது. பேருந்துகளுக்காக 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் "பல்லவன் வந்துடுச்சா?" என்றுதான் கேட்கின்றனர். பறக்கும் இரயில் 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 1997இல் மயிலாப்பூரையும் 2007இல் வேளச்சேரியையும் எட்டிற்று. மெட்ரோ இரயில் 2015இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே தொடங்கியது.

இவ்வரிசையைப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகின்றது. ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு நிருவாகத்தின் கையால், ஒவ்வொரு தேவைக்காக வந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி நிலையம், தனிப் படிக்கட்டு, தனி டிக்கெட். ஒவ்வொன்றும் தன் பாதையில் செம்மையாக ஓடிற்று. ஆனால் ஒன்றில் இறங்கியவள் மற்றொன்றில் ஏற வேண்டும் என்பது நெடுங்காலம் யாருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை. இதற்கெனவே சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் அமைக்க 2010இல் சட்டம் இயற்றப்பட்டது. முதல் இரயில் வந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் தோன்றிய எண்ணம் அது!

இதெல்லாம் ஏட்டறிவு. இடைவெளி என்றால் என்னவென்று நான் பட்டறிந்தது வேறொரு முறையில்.

நான் கல்லூரியில் சேர்ந்து இரண்டு மாதம்கூட நிறைந்திருக்கவில்லை. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது இரயில் பாதை அமைக்கும் பணிக்காக, 2023 ஆகஸ்டு 27 முதல் பறக்கும் இரயில் கடற்கரை வரை செல்லாமல் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது. என் பயணத்திலிருந்து பறிபோனது ஒரே ஒரு நிலையத்து ஓட்டம். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பூங்கா நகர். மூன்று நிமிடம் கூட ஆகாத ஓட்டம். ஏழு மாதத்தில் பணி முடியும் என்றனர்.

அந்த மூன்று நிமிடம் போனதும் என் மாலைப் பொழுது முழுவதும் சரிந்தது. சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கிப் பூங்காவுக்கு நடந்து பார்த்தேன். சந்தடி மிக்க சாலையில், கூட்டத்தோடு இடித்துக் கொண்டு நடந்ததில் தாம்பரம் வண்டி இரண்டு போய்விட்டன. கடற்கரைச் சாலையிலிருந்தே பேருந்தில் சென்ட்ரலுக்குச் சென்று பார்த்தேன். ஆறு மணி நெரிசலில் பேருந்து நகர்வதே தெரியவில்லை. எந்த வழியில் சென்றாலும் தாம்பரத்தில் ஏழு இருபது பேருந்து எனக்கு முதுகைக் காட்டிக் கொண்டு போகும். அடுத்தது எட்டு மணிக்கு. வீட்டுக்குள் நுழையும்போது எட்டே முக்கால்.

முதல் வாரம் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. டார்ச் விளக்கோடு சாலையில் வந்து நின்றார். காலையிலிருந்து சாரத்தின் மேல் நின்ற கால்கள் இரவிலும் நின்றன. இரண்டாம் வாரம் முகத்தைத் திருப்பிக் கொண்டு நடந்தார். மூன்றாம் வாரம் ஐந்தாவது மணி வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு நான் எழுந்து போகத் தொடங்கினேன். ஒரு நாள் ஆசிரியர் ஒருவர், "பாடம் கேட்க மனமில்லை என்றால் வராமலே இருந்துவிடலாமே" என்றார். தவறு அவருடையதன்று. எனக்குப் பின்னால் ஒரு பேருந்து போய்க் கொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? நானும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

புரட்டாசி கடைசியில் வீட்டில் அந்தப் பேச்சு வந்தேவிட்டது. "பக்கத்துல ஏதாவது படிக்கட்டும். தபால்ல கூடப் படிக்கலாம்னு சொல்றாங்களே" என்றார் அப்பா. அம்மா பேசாமல் சோறு போட்டுக் கொண்டிருந்தார். அப்போது அக்கா அங்கே வந்திருந்தாள். எழுந்து நின்று சொன்னாள்: "அப்பா, நான் போகலைன்னு நீங்க வேணாம்னு சொன்னதா நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நானாத்தான் நின்னேன். ஆனா இவளையும் நிறுத்தறதுக்கு முன்னால ஒரே ஒரு நாள் அந்த வழியில நீங்க போய்ப் பாருங்க. அப்புறம் என்ன சொன்னாலும் சரி."

அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வியாழக்கிழமை வேலைக்குப் போகாமல் வெள்ளைச் சட்டை போட்டுக் கொண்டு என்னோடு புறப்பட்டார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகின்றார் என்பது எனக்குத் தெரியும். பேருந்தில் எனக்குக் கட்டணமில்லை. இரயிலில் சீசன் டிக்கெட். அப்பா மட்டும் ஒவ்வோர் இடத்திலும் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார். பேருந்துக்கு ஒன்று, இரயிலுக்கு ஒன்று, மறுபடியும் பேருந்துக்கு ஒன்று. மூன்றையும் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக் கொண்டார்.

நான் வகுப்புக்குப் போனேன். அவர் எதிரே மெரினாவில் போய் உட்கார்ந்தார். இந்த நகரத்தில் முப்பது ஆண்டுகள் சுவர் எழுப்பிய மனிதர் வேலையில்லாமல் கடலைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவையாம். அதை அவரே பிற்பாடு சிரித்துக் கொண்டு சொன்னார்.

மாலை 5.45க்குக் கல்லூரி வாயிலில் காத்திருந்தார். கையில் கொத்தனார்ப் பென்சில். டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஏதோ குறித்துக் கொண்டே வந்தார். எங்கே நின்றோம், எவ்வளவு நேரம் நின்றோம், எவ்வளவு நேரம் ஓடினோம் என்று ஒன்று விடாமல் குறித்தார். தாம்பரத்தில் எங்கள் பேருந்துக்காக 28 நிமிடம் நின்றோம். அங்கே என்னைப் போன்ற பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்று கொண்டிருந்ததை அப்பா ஒவ்வொருவராகப் பார்த்தார். வீட்டுப் படியேறும்போது மணி 8.42.

சாப்பிட்டுவிட்டுக் கணக்குக் கூட்டினார். பேருந்தும் இரயிலும் ஓடியது மொத்தம் 105 நிமிடம். நாங்கள் நின்றதும் நடந்ததும் 72 நிமிடம்.

நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "வண்டியெல்லாம் நல்லாத்தான் ஓடுது. செங்கல்லு நல்ல செங்கல்லு. ஆனா கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல சாந்து வைக்கலையே. வெறுங்கல்ல அடுக்கினா சுவரு எப்படி நிக்கும்?"

பொதுப் போக்குவரத்து ஒருங்கிணைப்பைப் பற்றி நான் பிறகு எத்தனையோ படித்துவிட்டேன். என் தந்தையார் அன்று சொன்னதைவிடத் தெளிவாகச் சொன்னவர் எவரையும் இதுவரை நான் காணவில்லை.

மறுநாள் முதல் நிபந்தனை மாறிற்று. "எட்டு மணி" என்று அவர் பிறகு சொல்லவே இல்லை. "தாம்பரம் வந்ததும் ஒரு போன் போடு" என்றார். டார்ச் விளக்கு மட்டும் மாறவில்லை. அத்தோடு விடாமல், ஊர்க்காரர்கள் சிலரைக் கூட்டிக் கொண்டு ஊராட்சி அலுவலகத்திற்குச் சென்று, சாலையிலிருந்து ஊருக்குள் வரும் வழிக்கு விளக்குப் போடச் சொல்லி மனுக் கொடுத்தார். மூன்று முறை போனார். தைப் பொங்கலுக்கு முன்பு நான்கு விளக்குகள் எரிந்தன. 2016இல் எரிந்திருக்க வேண்டிய விளக்குகள் அவை. அக்கா அவற்றின் கீழே நின்று ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் போனாள்.

ஏழு மாதம் என்று சொல்லப்பட்ட பணி பதினான்கு மாதம் நீண்டது. 2024 அக்டோபர் 29ஆம் நாள், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாக, பறக்கும் இரயில் மறுபடியும் கடற்கரை வரை ஓடிற்று. அன்று சேப்பாக்கத்தில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்காமல் உட்கார்ந்திருந்தேனே, அந்த மகிழ்ச்சியை என்னென்பேன்! மூன்று நிமிடத்தில் பூங்கா நகர் வந்தது. மகளிர் பெட்டியில் பூக்கார ஆயா என்னைக் கண்டதும், "வந்துட்டியா! எங்க ஒன்ன ரொம்ப நாளா இந்த நேரத்துக்குக் காணோம்?" என்று கேட்டுக் கூடையை மடியில் தூக்கி வைத்துக் கொண்டார்.

இப்போது சாந்து பூசும் வேலையும் நடக்கத்தான் செய்கின்றது. மெட்ரோவுக்கென 2023இல் வந்த சிங்காரச் சென்னை அட்டை, 2025 ஜனவரியில் மாநகரப் பேருந்துகளிலும் செல்லுபடியாயிற்று. 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' என்ற கைப்பேசிச் செயலி தொடங்கப்பட்டது. பேருந்து, புறநகர் இரயில், மெட்ரோ ஆகிய மூன்றுக்கும் ஒரே டிக்கெட்டை அதில் எடுக்கலாம். அப்பா அன்று மூன்று வரிசையில் நின்று வாங்கிய மூன்று சீட்டுகளை இன்று ஒரே சீட்டாக வாங்கிவிடலாம். போற்றத்தக்க மாற்றம்தான்.

ஆயினும் ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. என் சீசன் டிக்கெட்டில் "தாம்பரம் – சேப்பாக்கம்" என்று ஒன்றாகத்தான் அச்சிட்டிருந்தது. தாளில் இரண்டு இரயிலும் முன்பே இணைந்துவிட்டன. தரையில்தான் இணையவில்லை. டிக்கெட் ஒன்றானால் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சமாகும். பேருந்துக்காக நிற்கும் 28 நிமிடம் அதனால் குறையாது. இரயில் வந்து சேரும் நேரம் பார்த்துப் பேருந்து புறப்பட வேண்டும். மழையில் நனையாமல் ஒரு நடைபாதை வேண்டும். மூட்டை தூக்கி வருபவருக்கும் முழங்கால் வலி உள்ளவருக்கும் நகரும் படிக்கட்டு வேண்டும். நிற்கும் இடத்தில் வெளிச்சம் வேண்டும். அடுத்த வண்டி எப்போது என்று கைப்பேசி இல்லாத என் அம்மாவுக்கும் தெரிகின்றாற்போல் ஒரு பலகை வேண்டும். கிண்டியிலும் பரங்கிமலையிலும் மின்சார இரயிலை விட்டு இறங்கியவர் அருகிலேயே மெட்ரோவுக்கு ஏறிவிட முடிகின்றது. அங்கெல்லாம் முடிகின்றபோது பேருந்து நிற்குமிடங்களில் மட்டும் ஏன் முடியாது?

இதனால் ஊதியமும் உறவும் எப்படி மாறுகின்றன என்பதற்கு என் வீட்டிலேயே சான்று உண்டு. வழியில் விளக்கும் வந்து, போக்குவரத்தும் சீரான பிறகு, 2025 தொடக்கத்தில் அக்கா கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு தையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பிள்ளை பள்ளிக்குப் போன பின் புறப்பட்டு, மாலையில் திரும்புகின்றாள். நான் பூங்காவில் ஏறும் வண்டியில் அவள் கிண்டியில் ஏறுகின்றாள். ஏழு இருபது பேருந்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வருகின்றோம். என் வரலாற்றுப் பாடப் புத்தகங்களை இப்போது அவளும் வாங்கிப் படிக்கின்றாள். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பம் ஒன்றும் வாங்கி வைத்திருக்கின்றாள். அதைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. அலமாரியில் கண்ணெதிரே வைத்திருக்கின்றாள்.

தோழ தோழியரே, நம் வகுப்பில் கும்மிடிப்பூண்டியிலிருந்து வருகின்றவர் உண்டு; திருவள்ளூரிலிருந்து வருகின்றவர் உண்டு; செங்கற்பட்டைத் தாண்டி வருகின்றவரும் உண்டு. நம்மில் ஒவ்வொருவருக்கும் ஓர் ஏழு இருபது பேருந்து எங்கேயோ காத்திருக்கின்றது. அல்லது காத்திராமல் போய்விடுகின்றது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட வேண்டாம். நாம் சொல்லாவிட்டால் கால அட்டவணை போடுகின்றவருக்கு அது எப்படித் தெரியும்? என் தந்தையார் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதியது போல், நாமும் ஒரு நாள் நம் வழியை அளந்து எழுதிப் பார்க்கலாம். நம் துறையில் இவ்வாண்டு பன்னிரண்டு பேர் அப்படி எழுதியிருக்கின்றோம். உரியவர்களுக்கு மனுவாக அனுப்பவும் எண்ணியுள்ளோம்.

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே, தங்களிடம் ஒரு சிறு விண்ணப்பம். கடைசி மணியில் கதவோரமாக ஒரு மாணவி உட்கார்ந்து அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்கின்றாள் என்றால், அவளுக்குப் பாடத்தில் பற்றில்லை என்று எண்ணிவிடாதீர்கள். அன்று என்னைக் கடிந்து கொண்ட ஆசிரியரிடம் பல மாதங்கள் கழித்து நான் உண்மையைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றார். அதன் பிறகு அவர் கடைசி மணியில் முக்கியமான பகுதியை முதல் அரைமணியிலேயே நடத்திவிடுவார். அதுவும் ஒரு சாந்துதான்.

அப்பா வைத்திருந்த அந்த மூன்று டிக்கெட்டுகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. அச்சு எழுத்து மங்கிவிட்டது. எந்த ஊர், என்ன கட்டணம் என்பது தெரியவில்லை. பின்பக்கத்துப் பென்சில் எழுத்து மட்டும் அப்படியே இருக்கின்றது. ஓடியது 105. நின்றது 72.

இப்போது நான் நிற்பது 40க்குள் வந்திருக்கின்றது. எனக்குப் பின் வரும் என் தங்கைகளுக்கு அது இன்னும் குறைய வேண்டும்.

மணி 5.45. வகுப்பு முடிந்துவிட்டது. வருகின்றேன், கிண்டியில் அக்கா ஏறுவாள்.